பல்லு டாக்டர்னாலே பயமா? செடேஷன் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விங்க

நான் மும்பைல பல் டாக்டர், செம்பூர் பக்கம் கிளினிக். வர்ற பேஷண்ட்ல நிறைய பேர் நம்மாளுங்கதான், தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, முலுண்ட்ல இருந்தெல்லாம் வருவாங்க. அதே கேள்விக்கு அதே பதில வாட்ஸப்ல திரும்பத் திரும்ப டைப் பண்ணிட்டு இருக்கறதுக்கு, எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். உங்க உடம்புக்கு எது ஒத்துவரும்னு உங்கள நேர்ல பாக்கற டாக்டர்தான் சொல்லணும். இத படிச்சிட்டு போனா அவர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு தெரியும்.

செடேஷன்னா மயக்க மருந்துதானே? பேர மாத்தி சொல்றீங்களா?

இல்லங்க. செடேஷன்னா மருந்து குடுத்து பயத்தயும் படபடப்பயும் அடக்கறது. நம்ம ஊர்ல எல்லாத்தையும் "மயக்கம் குடுத்து எடுப்பாங்க"ன்னு ஒரே பேர்ல சொல்லிடறோம், அதனால வர்ற கொழப்பம். டாக்டருங்க இத நாலு நிலையா பிரிப்பாங்க. முதல் நிலைல நீங்க நல்லா முழிச்சிருப்பீங்க, படபடப்பு மட்டும் அடங்கியிருக்கும். ரெண்டாவதுல கண்ணு சொருகும், ஆனா பேர் சொல்லி கூப்பிட்டா "ம்"ன்னு பதில் சொல்வீங்க, வாய தொறங்கன்னா தொறப்பீங்க, மூச்சு நீங்களே விட்டுப்பீங்க. மூணாவதுல உலுக்கினாத்தான் அசைவீங்க, மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். நாலாவதுதான் ஜெனரல் அனஸ்தீசியா, அதாவது முழு மயக்கம், என்ன பண்ணாலும் எழ மாட்டீங்க, மூச்சுக்கு தனியா குழாய் வைப்பாங்க.

பல் கிளினிக்ல சாதாரணமா நடக்கறது முதல் ரெண்டுதான். ஆனா இந்த நாலும் படிக்கட்டு இல்ல, சறுக்குமரம். ஒரே மருந்து ஒரே அளவு, ஒருத்தர் ஜாலியா பேசிட்டு இருப்பார், இன்னொருத்தர் ஒரு நிலை கீழ எறங்கிடுவார். மருந்து பேர் என்னன்னு கேக்கறதை விட, எறங்கினா பாக்கறதுக்கு யார் இருக்காங்கன்னு கேக்கறது முக்கியம்னு நான் சொல்றதுக்கு காரணம் இதுதான், கீழ அதுக்கு தனியா எழுதியிருக்கேன்.

செடேஷன் எடுத்துகிட்டா ஈறுல ஊசி போட மாட்டீங்கல்ல?

இதுதான் எல்லாரும் ஆசையா கேக்கறது, பதில் கேட்டதும் மூஞ்சி தொங்கிடும். ஊசி உண்டுங்க. செடேஷன் பயத்துக்கு, ஊசி வலிக்கு. ரெண்டும் வேற வேற வேலை. அந்த எடம் மரத்துப்போகலேன்னா அரைத் தூக்கத்துலயும் நீங்க துள்ளுவீங்க.

ஆனா ஊசி போடறதுல கைப்பக்குவம் நிறைய இருக்கு. முதல்ல ஈற தொடச்சி காய வச்சி மரக்கற ஜெல் தடவி ஒண்ணு ரெண்டு நிமிஷம் விடணும், தடவின உடனே குத்தினா தடவினதே தண்டம். அப்புறம் மருந்த ரொம்ப மெதுவா உள்ள விடணும். ஊசி முனை குத்தற வலிய விட மருந்து வேகமா எறங்கறப்ப சதை இழுபடற வலிதான் ஜாஸ்தி. மேல அண்ணத்துல போடறது கொஞ்சம் சுள்ளுன்னுதான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. இங்க நாங்க போடறது பெரும்பாலும் லிக்னோகெயின், கூட துளி அட்ரினலின் கலந்திருக்கும், மரப்பு நின்னு இருக்கவும் ரத்தம் கம்மியா வரவும். அது போட்டதும் சிலருக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும், கை நடுங்கும். "எனக்கு மரப்பு ஊசி அலர்ஜி"ன்னு வர்றவங்கள உக்கார வச்சி பொறுமையா கேட்டா நிறைய தடவ கதை இதுதான். நெஜ அலர்ஜின்னா தடிப்பு, அரிப்பு, மூஞ்சி வீக்கம், மூச்சுத் திணறல் இப்படி வரும், அது ரொம்ப அபூர்வம். எது நடந்துச்சுன்னு விவரமா சொல்லுங்க, வெறுமனே அலர்ஜின்னு மட்டும் சொல்லாதீங்க.

போன தடவ ஊசி போட்டும் வலிச்சுது. அந்த பயம்தான் எனக்கு.

நியாயமான பயம். சீழ் கட்டி வீங்கி இருக்கற எடத்துல மரப்பு மருந்து சரியா வேல செய்யாது, அங்க அமிலத்தன்மை ஜாஸ்தியா இருக்கறதால மருந்து நரம்புக்குள்ள போகாது. கீழ் கடைவாய்ப்பல்லுல நரம்பு ஓடற எடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், அதனாலயும் முதல் ஊசி தப்பிடும். அப்போ மறுபடி போடறது, எடத்த மாத்தி போடறது, வீக்கம் வடியறதுக்கு வழி பண்ணிட்டு அப்புறம் பல்ல தொடறதுன்னு வழி இருக்கு. "அவ்ளோதான் தாங்கிக்கோங்க, ஆயிடுச்சு ஆயிடுச்சு"ன்னு சொல்லிட்டே வேலைய ஓட்டறதுதான் தப்பு. மொத சந்திப்புலயே இந்த கதைய சொல்லிடுங்க, டாக்டர் அதுக்கு ஏத்த மாதிரி ப்ளான் பண்ணுவார்.

என் பயம் எல்லாருக்கும் இருக்கறதுதானா, இல்ல ஓவரா?

இத அளக்கவே அஞ்சு கேள்வி வச்ச ஒரு ஸ்கேல் இருக்கு, நார்மன் கோரான்னு ஒருத்தர் 1969ல நாலு கேள்வியோட ஆரம்பிச்சது, 1995ல ஊசி பத்தின கேள்விய சேத்து அஞ்சாக்கினாங்க. நாளைக்கு பல்லு டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட்னா எப்படி இருக்கும், வெளிய சேர்ல காத்திருக்கறப்ப எப்படி, ட்ரில் பண்ணப் போறாங்கன்னா, க்ளீனிங்னா, ஈறுல ஊசின்னா. ஒவ்வொண்ணுக்கும் பயமே இல்லன்னா 1, உயிரே போகுதுன்னா 5. கூட்டினா 19ஓ அதுக்கு மேலயோ வந்தா கடுமையான பயம்னு எடுத்துப்போம்.

ஆனா மொத்த மார்க்கை விட எந்த கேள்விக்கு 5 போட்டீங்கங்கறதத்தான் நான் பாப்பேன். ட்ரில் சத்தம்தான் பிரச்சனைன்னா ஹெட்ஃபோன்லயே பாதி தீந்துடும், ஊசின்னா வேற, படுத்தா மூச்சு முட்டுற மாதிரி இருக்குன்னா வேற. "எல்லாமே பயம்"னு சொல்றவங்க கிட்டயும் கொஞ்சம் பேசினா ஏதோ ஒண்ணு வெளிய வரும், சின்ன வயசுல கைய கால புடிச்சி அமுக்கி பல்ல புடுங்கினது மாதிரி.

மருந்தே இல்லாம சமாளிக்க வழி இருக்கா?

நிறைய பேருக்கு இருக்கு. இடது கைய தூக்கினா நான் நிறுத்திடணும், இது ஒரு ஒப்பந்தம். சும்மா பேச்சுக்கு இல்ல, தூக்கினா நெஜமாவே நிறுத்தணும். சிலர் முதல் அஞ்சு நிமிஷத்துல மூணு நாலு தடவ தூக்குவாங்க, வலிக்கறதுக்கு இல்ல, நான் நிறுத்தறேனான்னு டெஸ்ட் பண்றதுக்கு. டெஸ்ட் முடிஞ்சதும் அமைதியாயிடுவாங்க. அப்புறம் காலைல முதல் அப்பாயிண்ட்மெண்ட் வாங்குங்க, நாள் முழுக்க நெனச்சு நெனச்சு வயித்த கலக்கிட்டு சாயங்காலம் வர்றது வேண்டாம். ஆரம்பமே கடைவாய்ப்பல்லு புடுங்கறதா இல்லாம, முதல் நாள் வெறும் செக்கப், அடுத்த தடவ க்ளீனிங், அப்படி போகலாம். ரொம்ப முத்தின பயத்துக்கு சைக்காலஜிஸ்ட் கிட்ட பேச்சு சிகிச்சை எடுத்தா நல்ல பலன் இருக்கு, மருந்து அன்னிக்கு மட்டும் வேல செய்யும், இது கூடவே இருக்கும்.

லாஃபிங் கேஸ்னா என்ன? சிரிச்சிட்டே இருப்பேனா?

யாரும் விழுந்து விழுந்து சிரிக்கறதில்ல, சிலர் லேசா இளிப்பாங்க. நைட்ரஸ் ஆக்ஸைடும் ஆக்ஸிஜனும் கலந்து மூக்கு மேல ஒரு சின்ன ரப்பர் மாஸ்க் வழியா குடுப்பாங்க, வாய் ஃப்ரீயா இருக்கும், நாங்க வேல பாக்கணுமே. மாஸ்க்ல சில எடத்துல ஸ்ட்ராபெர்ரி வாசனை போடுவாங்க. முதல்ல வெறும் ஆக்ஸிஜன், அப்புறம் கேஸ கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம். மெஷின்ல தொங்கற பை நீங்க மூச்சு விட விட சுருங்கி விரியும், நான் பாதி கண்ண அதுலயேதான் வச்சிருப்பேன், மூக்கால மூச்சு விடறீங்களா இல்ல பயத்துல வாயால விடறீங்களான்னு அது காட்டிக் குடுத்துடும். ரெண்டு மூணு நிமிஷத்துல விரல் நுனி, உதடு சுருசுருங்கும், கை கால் கனமா இருக்கும், சத்தமெல்லாம் கொஞ்சம் தள்ளி போன மாதிரி கேக்கும். சேர் கைப்பிடிய இறுக்கி புடிச்சிருந்த விரல் தானா லூஸாகும், அதுதான் எனக்கு சிக்னல், அங்கயே நிறுத்திடுவேன். பெரும்பாலானவங்களுக்கு 30லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள போதும். பல்லுக்குன்னு செஞ்ச மெஷின்ல 70 சதவீதத்துக்கு மேல ஏத்தவே முடியாது, 30 சதவீதம் ஆக்ஸிஜன் போயே தீரும், நாம வெளில இழுக்கற காத்துல இருக்கறது 21தான்.

முடிஞ்சதும் ஒரு அஞ்சு நிமிஷம் சுத்த ஆக்ஸிஜன் குடுப்போம், கேஸ் நுரையீரல் வழியாவே வெளிய போயிடும். மத்த செடேஷன்ல இல்லாத வசதி இதுல இது, தேவைக்கு ஏத்தலாம், எறக்கலாம், சீக்கிரம் தெளிஞ்சிடும். நடுத்தர பயத்துக்கும், எக்ஸ்ரே ஃபிலிம் வச்சாலே ஓக்காளிக்கறவங்களுக்கும் என் ஓட்டு இதுக்குத்தான்.

சும்மா ஒரு கொசுறு: வலியில்லாம பண்ண இந்த கேஸ உதவிக்கு கொண்டு வந்தவரே ஒரு பல்லு டாக்டர்தான். ஹோரஸ் வெல்ஸ், அமெரிக்கால ஹார்ட்ஃபோர்ட்காரர். 1844 டிசம்பர்ல ஒரு கண்காட்சில இந்த கேஸ இழுத்த ஒருத்தன் கால்ல அடிபட்டும் தெரியாம நின்னத பாத்துட்டு, மறுநாளே இன்னொரு பல்லு டாக்டர வச்சி தன்னோட கடைவாய்ப்பல்லயே எடுக்க வச்சி பாத்தார். அடுத்த வருஷம் பாஸ்டன்ல டாக்டருங்க முன்னாடி செஞ்சி காட்டினப்ப கேஸ் சரியா ஏறறதுக்குள்ள பல்ல எடுத்துட்டாங்க, பேஷண்ட் கத்திட்டான், மனுஷன கேலி பண்ணி அனுப்பிட்டாங்க. அவசரப்பட்டா இன்னிக்கும் அதே கதிதான்.

லாஃபிங் கேஸ் யாருக்கு ஒத்துவராது?

சளி புடிச்சி மூக்கு அடைச்சிருந்தா வேல செய்யாது, தள்ளிப் போடுங்க. கர்ப்பம் முதல் மூணு மாசம், நுரையீரல் வியாதி முத்தினவங்க, சமீபத்துல கண்ணுல விழித்திரை ஆபரேஷன் பண்ணி உள்ள கேஸ் வச்சிருக்கறவங்க, இவங்களுக்கு வேண்டாம். கண் ஆபரேஷன் விஷயத்த பல்லு டாக்டர்கிட்ட சொல்லணும்னு யாருக்கும் தோணறதே இல்ல, ஆனா அந்த கேஸ் உள்ள விரிஞ்சி பார்வையே போகலாம். அப்புறம் பி12. இந்த கேஸ் உடம்புல இருக்கற பி12ஐ செயலிழக்க வைக்கும். நல்லா இருக்கறவங்களுக்கு ஒரு தடவ எடுத்தா ஒண்ணும் ஆகாது, ஆனா சுத்த சைவம், பி12 ரொம்ப கம்மின்னு ரிப்போர்ட் கைல இருக்கு, ஊசி போட்டுக்கல, கால்ல மதமதன்னு இருக்குன்னா கண்டிப்பா சொல்லுங்க.

மாத்திரை போட்டுகிட்டு வரலாமா? வீட்ல அம்மாவோட தூக்க மாத்திரை இருக்கு.

அம்மா மாத்திரைய அம்மாவுக்கே விட்டுடுங்க, ப்ளீஸ். டாக்டர் எழுதி குடுத்தா மாத்திரை நல்ல வழிதான், டயசிபாம், லோரசெபாம், அல்பிரசோலம் மாதிரி, முந்தின ராத்திரி ஒண்ணு தூங்கறதுக்கு, இல்லன்னா கிளினிக் வந்து ஒரு மணி நேரம் முன்னாடி. கொறை என்னன்னா, முழுங்கினத திரும்ப எடுக்க முடியாது, எவ்ளோ வேல செய்யும்னு முன்கூட்டி துல்லியமா சொல்லவும் முடியாது. அரை மணில ஒண்ணும் தெரியலேன்னு வீட்லயே இன்னொண்ணு போட்டுகிட்டு, கிளினிக் வர்றப்ப ரெண்டும் சேந்து தூக்கினா சிக்கல். வயசானவங்களுக்கு கம்மி அளவே ஜாஸ்தி.

தண்ணி போட்டுகிட்டு தைரியமா வர்ற அண்ணன்மாருங்க கவனத்துக்கு: மதுவும் இந்த மாத்திரையும் சேந்தா மூச்சு அடங்கிப் போகலாம். ட்ரமடால் மாதிரி வலி மாத்திரையோட சேத்தும் அதே. மிடசோலம் (கீழ சொல்ற ஐவி மருந்து), அல்பிரசோலம் எடுக்கறவங்க க்ளாரித்ரோமைசின், சில பூஞ்சை மாத்திரை சாப்பிட்டா மருந்து உடம்புல ரொம்ப நேரம் தங்கிடும். கிரேப்ஃப்ரூட் ஜூஸும் அந்த லிஸ்ட்லதான். மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம குடுக்க மாட்டேன்னு சொன்னா சண்ட போடாதீங்க, அல்பிரசோலம், டயசிபாம் ரெண்டும் எச்1 லிஸ்ட்ல இருக்கு, அவங்க ரிஜிஸ்டர்ல எழுதி வைக்கணும், சட்டம்.

கைல ட்ரிப்ஸ் மாதிரி போட்டு தூங்க வைக்கறாங்களாமே?

அதுதான் ஐவி செடேஷன். கைல ரத்தக்குழாய்ல சின்ன ஊசி வச்சி மிடசோலம் துளித்துளியா, ஒரு மில்லிகிராம் குடுத்து ரெண்டு நிமிஷம் பாத்து, தேவைன்னா அடுத்தது. மாத்திரையோட பெரிய வித்தியாசம் இதுதான், பாத்துப் பாத்து ஏத்தலாம். இன்னொரு விசேஷம், நிறைய பேருக்கு நடந்தது ஞாபகமே இருக்காது. முழிச்சிதான் இருந்திருப்பாங்க, "வாய தொறங்க"ன்னா தொறந்திருப்பாங்க, வெளிய வந்து "இன்னும் ஆரம்பிக்கலயா"ன்னு கேப்பாங்க. பயந்தவங்களுக்கு இது வரம். ஆனா நான் அப்போ சொன்ன அட்வைஸும் மறந்துடும், அதனால எல்லாத்தையும் கூட வர்றவர்கிட்ட ஒரு தடவ சொல்லி பேப்பர்லயும் எழுதி குடுத்துடணும்.

புதைஞ்ச ஞானப்பல்லு நாலும் ஒரே தடவ எடுக்கறது, நிறைய இம்ப்ளாண்ட் (எலும்புல பதிக்கற செயற்கைப் பல்லு), கடும் பயம், இதுக்கெல்லாம் சரி. ஒரே ஒரு சொத்தை அடைக்கறதுக்கு ஐவி கேட்டா நான் ஒத்துக்க மாட்டேன். ப்ரோபோஃபால்னு ஒரு மருந்து பேர் சொன்னாங்கன்னா, அது அனஸ்தெட்டிஸ்ட், அதாவது மயக்க மருந்து டாக்டர், மட்டும் கையாள வேண்டியது.

கிளினிக்ல எதை பாத்து நம்பறது?

ஒரே கேள்வி கேளுங்க: "டாக்டர், நீங்க என் பல்லுல வேல பாக்கறப்ப என் மூச்ச யார் பாத்துட்டு இருப்பாங்க?" பல்லுல குனிஞ்சிருக்கற ஆள் மானிட்டரையும் பாக்க முடியாது. ஐவின்னா அதுக்குன்னே ட்ரெய்னிங் எடுத்த இன்னொருத்தர், நல்லது அனஸ்தெட்டிஸ்ட்டே, பக்கத்துல நிக்கணும். கண்ணாடி கதவும் காபி மெஷினும் வச்ச கிளினிக்ல இந்த கேள்விக்கு பதில் வராம போறதும் உண்டு, பழைய பில்டிங் ரெண்டாவது மாடில டக்குன்னு பதில் வர்றதும் உண்டு.

விரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டர், பிபி மெஷின், ஆக்ஸிஜன் சிலிண்டர், சக்‌ஷன், மூச்சு நின்னா அமுக்கி குடுக்கற ஆம்பு பை, மிடசோலத்தோட வேகத்த முறிக்கற ஃப்ளூமசெனில் ஊசி, இதெல்லாம் ரூம்லயே இருக்கணும், "கீழ மெடிக்கல்ல இருக்கு"ன்னு சொல்லக் கூடாது. முறி மருந்து இருக்குன்னு அசால்ட்டாவும் இருக்கக் கூடாது, அதோட வேகம் மிடசோலத்த விட சீக்கிரம் தீந்துடும், திரும்ப தூக்கம் அமுக்கும், அதனால அத போட்டா ரெண்டு மணி நேரமாவது உக்கார வச்சி பாக்கணும். லிஃப்ட் இல்லாத பில்டிங், ஆம்புலன்ஸ் நொழையாத சந்துன்னா அதையும் யோசிச்சு வச்சிருக்காங்களான்னு கேக்கலாம், தப்பே இல்ல. கோவப்படற டாக்டர் வேண்டாம்.

முழு மயக்கம் எப்போ?

வேற எதுவும் முடியாதப்ப. ரொம்ப சின்ன குழந்தைக்கு வாய் முழுக்க சொத்தை, ஆட்டிசம், செரிபரல் பால்சி இருக்கறவங்க, பெரிய தாடை ஆபரேஷன். ஆஸ்பத்திரில, ஆபரேஷன் தியேட்டர்ல, அனஸ்தெட்டிஸ்ட்டோட. இங்கிலாந்துல 2001 முடிவோட ஆஸ்பத்திரிக்கு வெளில பல்லுக்கு முழு மயக்கம் குடுக்கறதையே நிறுத்திட்டாங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா காப்பாத்த வசதி வேணுங்கறதால. நல்லது என்னன்னா ஒரே தடவைல எல்லா பல்லையும் முடிச்சிடலாம், அதனால அன்னிக்கு என்னென்ன பண்ணப் போறாங்கன்னு முழு லிஸ்ட் முன்னாடியே வாங்கிக்கோங்க. சிஎஸ்எம்டி ஸ்டேஷன் பக்கம் செயின்ட் ஜார்ஜ் காம்பவுண்ட்ல இருக்கற கவர்மெண்ட் டெண்டல் காலேஜ், மும்பை சென்ட்ரல்ல மாநகராட்சியோட நாயர் டெண்டல் காலேஜ், ரெண்டும் பெரிய எடம். க்யூ இருக்கும், ஆனா பிரைவேட் பில்ல பாத்து மயங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ போய் கேட்டுட்டு வாங்க.

குழந்தை வாயவே தொறக்க மாட்டேங்குது, செடேஷன் குடுத்துடலாமா?

முதல்ல ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. வீட்ல "சாப்பிடலேன்னா டாக்டர் ஆன்ட்டி கிட்ட சொல்லி ஊசி போட சொல்வேன்"னு மிரட்டறத நிறுத்துங்க. நான் வணக்கம் சொல்றதுக்கு முன்னாடியே அந்தக் கொழந்தைக்கு நான் வில்லி. "வலிக்கவே வலிக்காது கண்ணு"வும் வேண்டாம், வலிங்கற வார்த்தையே அப்போதான் அதுக்கு ஞாபகம் வரும். டாக்டர் பல்ல எண்ணிப் பாப்பாங்கன்னு மட்டும் சொல்லி கூட்டிட்டு வாங்க.

சொல்லி, காட்டி, அப்புறம் செய்யறதுலயே நிறைய குழந்தைங்க வழிக்கு வந்துடும். அதுக்கு மேல வேணும்னா லாஃபிங் கேஸ், ஆனா மூக்குல மாஸ்க் வச்சா ஒத்துழைக்கற வயசு வேணும், சுமாரா நாலு வயசுக்கு மேல. கத்தி அழற குழந்தைக்கு கேஸ் உள்ளயே போகாது. மிடசோலம் சிரப் குடுக்கறதும் உண்டு, சில குழந்தைங்க அதுல தூங்கறதுக்கு பதிலா இன்னும் ஆர்ப்பாட்டம் பண்ணும். குழந்தைக்கு மூச்சுக்குழாய் சின்னது, ஆக்ஸிஜன் சட்டுனு எறங்கும், அதனால குழந்தை பல் டாக்டர், அனஸ்தெட்டிஸ்ட் இல்லாத எடத்துல சிரப் செடேஷனுக்கு தலையாட்டாதீங்க. வீட்டுக்கு வந்ததும் மரப்பு போற வரைக்கும் உதட்ட கடிச்சிக்காம பாத்துக்கணும், மறுநாள் உதடு பன்னு மாதிரி வீங்கி வர்றது இதனாலதான்.

சாப்பிட்டு வரணுமா, வெறும் வயித்துல வரணுமா?

எதுக்கு வர்றீங்கங்கறத பொறுத்து நேர் எதிர். வெறும் மரப்பு ஊசின்னா நல்லா சாப்பிட்டுட்டு வாங்க, பசியோட பயமும் சேந்துதான் மயங்கி விழறது. லாஃபிங் கேஸ்னா லேசா. ஐவியோ முழு மயக்கமோன்னா பட்டினி: சோறு, இட்லி 6 மணி நேரம் முன்னாடி நிறுத்தணும், பிரியாணி, பொரிச்சதுன்னா 8, வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் ஓகே. தாய்ப்பால் 4, மத்த பால் 6.

மாட்டிக்கறது எங்கன்னா கட்டிங் சாய்ல. "ஒண்ணும் சாப்பிடல டாக்டர், ஸ்டேஷன் வாசல்ல ஒரு சாயா மட்டும்தான்"ம்பாங்க. பால் சேந்த டீ தண்ணி கணக்குல வராது, 6 மணி நேர கணக்கு. அன்னிக்கு கேன்சல்தான், சண்ட போட்டாலும் கேன்சல்தான். அரைத் தூக்கத்துல வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கு ஆபத்து.

சுகர், பிபி, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை எல்லாம் இருக்கு. முடியுமா?

பெரும்பாலும் முடியும், மறைக்காம சொன்னா. ரத்த மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, ஒரு பல்லுக்காக நிறுத்திட்டு ஸ்ட்ரோக் வந்தா யாரு பொறுப்பு, பல் டாக்டரும் ஹார்ட் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். பிபி மாத்திரை அன்னிக்கு காலைல ஒரு வாய் தண்ணியோட போடறதா வேண்டாமான்னு கேட்டு வாங்கிக்கோங்க. சுகர்காரங்க பட்டினி இருக்கறப்ப மாத்திரை, இன்சுலின் அளவு மாறும், கேக்காம வழக்கம் போல போட்டா சுகர் எறங்கிடும், அவங்களுக்கு முதல் அப்பாயிண்ட்மெண்டே குடுக்க சொல்லுங்க. கர்ப்பிணிங்க அவசர வேலைய மரப்பு ஊசியோட, நடு மூணு மாசத்துல முடிச்சிக்கறது நல்லது. ராத்திரி வீடே அதிர்ற மாதிரி கொறட்டை விடறவங்க கண்டிப்பா சொல்லணும், இது பொண்டாட்டிக்குத்தான் தெரியும், அவங்களயும் கூட்டிட்டு வாங்க.

மாவா (பாக்கு, புகையிலை கலவை) போடற பழக்கத்த எல்லாம் சொல்லணுமா? வீட்டுக்கு தெரியாது.

எங்கிட்ட சொல்லுங்க, வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். மகாராஷ்ட்ரால குட்கா 2012லயே தடை, ஆனா எங்க கெடைக்கும்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பாக்கு சேந்தது எதுவா இருந்தாலும் வருஷக்கணக்கா போட்டா கன்னத்துக்கு உள்பக்கம் தோல் மாதிரி இறுகி வாய் தொறக்கறது கொறைஞ்சிடும். உங்க மூணு விரல செங்குத்தா வாய்க்குள்ள வச்சி பாருங்க, போகலேன்னா கவனிக்கணும். செடேஷன்ல மூச்சு அடைச்சா வாய் வழியா குழாய் விடணும், வாயே ரெண்டு விரல் தொறக்கலேன்னா அனஸ்தெட்டிஸ்ட் கை கட்டிப் போன மாதிரி, முன்னாடியே தெரிஞ்சா மூக்கு வழியா கேமரா வச்சி போட தயாரா வருவார். தினமும் குடிக்கறவங்களுக்கு மருந்து அளவு எக்குத்தப்பா மாறும், அதையும் சொல்லுங்க. இங்க கௌரவம் பாக்காதீங்க.

அம்மாவுக்கு தமிழ் தவிர எதுவும் வராது. டாக்டர் மராட்டிக்காரர். செடேஷன் குடுக்கலாமா?

நல்ல கேள்வி, யாரும் யோசிக்கறதில்ல. நான் மேல சொன்னேன்ல, கூப்பிட்டா பதில் சொல்லணும், அதுதான் நாங்க ஆழம் பாக்கற அளவுகோல். டாக்டர் ஹிந்தில "ஆங்கே கோலோ"ன்னு சொல்லி அம்மா கண்ண தொறக்கலேன்னா, மருந்து ஜாஸ்தியாயிடுச்சா இல்ல புரியலயான்னு எப்படி தெரியும்? தாராவிலேர்ந்து வந்த ஒரு பாட்டிக்கு வேற எடத்துல முதல் முயற்சிய பாதில நிறுத்திட்டாங்க, ரொம்ப ஆழமா போயிட்டாங்கன்னு நெனச்சி. அப்புறம் எங்ககிட்ட வந்தப்ப எங்க நர்ஸ் "ஆயா, கண்ண தொற"ன்னதும் டக்குன்னு தொறந்து "என்னடி"ன்னாங்க.

அதனால தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் ரூமுக்குள்ள இருக்கணும்னு கேளுங்க. முடியலேன்னா ஒரு பேப்பர்ல ஹிந்தி எழுத்துல எழுதி குடுத்துடுங்க: கண்ண தொறங்க, வாய தொறங்க, மூச்ச நல்லா இழுங்க, வலிக்குதா, கைய தூக்குங்க. அம்மாவ எப்படி கூப்பிடுவாங்களோ அந்தப் பேரும். வலி எப்படி இருக்குன்னு முன்னாடியே நீங்க கேட்டு சொல்லிடுங்க, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா, சில்லுன்னு பட்டா சுருக்குங்குதா, கடிச்சா மட்டுமா. கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு தமிழ்ல படிச்சி சொல்லணும், அம்மாதான் சரின்னு சொல்லணும், நீங்க இல்ல.

முடிஞ்சதும் லோக்கல் ட்ரெயின் புடிச்சி போயிடலாமா?

லாஃபிங் கேஸ் மட்டும்னா, டாக்டர் ஓகே சொன்னதும் போகலாம். மாத்திரை, ஐவின்னா தனியா எங்கயும் வேண்டாம். கூட ஒருத்தர், ஆட்டோ இல்ல டாக்ஸி, குர்லா ப்ளாட்ஃபாரம் நெரிசல்ல தள்ளாடிட்டு நிக்கற நாள் இல்ல அது. 24 மணி நேரம் வண்டி ஓட்டாதீங்க, அடுப்புகிட்ட தனியா நிக்காதீங்க, கையெழுத்து போடாதீங்க, பெரிய பணம் யாருக்கும் அனுப்பாதீங்க. தெளிஞ்சிட்டேன்னு உங்களுக்கு தோணும், அந்த தோணல நம்பாதீங்க. மூச்சு திணறல், எழுப்ப முடியாத தூக்கம்னா கிளினிக்குக்கு போன் போட்டு காத்திருக்காம 108 கூப்பிடுங்க.

எவ்ளோ ஆகும்? மெடிக்ளைம்ல வருமா?

எடத்துக்கு எடம் மாறும், அதனால தொகை சொல்ல மாட்டேன். பல் வேலைக்கு தனி, செடேஷனுக்கு தனி, அனஸ்தெட்டிஸ்ட் ஃபீஸ் தனி, ஆஸ்பத்திரின்னா ஆபரேஷன் தியேட்டர், ரூம் தனி, இத நாலையும் பிரிச்சு எழுதி கேளுங்க. சாதாரண மெடிக்ளைம்ல பல்லு வேல பெரும்பாலும் வராது, ஆக்ஸிடெண்ட்ல அடிபட்டு அட்மிட் ஆனா வேற கதை. ஆஃபீஸ் க்ரூப் பாலிசில சில நேரம் இருக்கும், எச்ஆர்கிட்ட கேட்டு பாருங்க.

ஒரு தடவ எடுத்தா ஒவ்வொரு தடவையும் செடேஷன் வேணுமா?

வேண்டாம், வேண்டாம்ங்கறதுதான் நோக்கமே. முதல் தடவ கேஸ், அடுத்த தடவ கேஸ் கம்மியா, அப்புறம் மாஸ்க் மூக்குல இருக்கும் ஆனா வெறும் ஆக்ஸிஜன்தான் ஓடும், பேஷண்ட்டுக்கும் சொல்லிட்டுத்தான் பண்ணுவேன். ஆனா சிலருக்கு கடைசி வரைக்கும் தேவைப்படும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. பயத்துல அஞ்சாறு வருஷம் வலி மாத்திரையிலயே ஓட்டி தாடை வீங்கி அட்மிட் ஆகறதுக்கு, வருஷத்துக்கு ஒரு தடவ கேஸ் இழுத்து க்ளீனிங் பண்ணிட்டு போறவங்கள நான் சந்தோஷமா பாப்பேன். அப்பாயிண்ட்மெண்ட் போடறப்பவே "நான் பயந்தாங்கொள்ளி, கொஞ்சம் டைம் ஜாஸ்தி வேணும்"னு ரிசப்ஷன்ல சொல்லிடுங்க, அவங்க ரெண்டு ஸ்லாட் சேத்து போட்டுடுவாங்க.